அல்பேர்ட் பூங்காவில் நான் காப்பாற்றிய பெண்மணி

புது நாட்டுக்கு வந்தவன் முதலில் மறந்துபோகும் சொல் 'மாட்டேன்' என்பதுதான். நியூசிலாந்தின் ஓக்லண்டில் என் முதல் வருடத்தில் அதை ஒருதரமாவது பாவித்ததாக ஞாபகம் இல்லை. அதுவும் மேலதிகாரி பிரையனிடம்!

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நானும் மனைவி வசந்தியும் கிளென் ஈடனில் வாடகைக்கு இருந்தோம். நகரத்தில் ஒரு கொம்பனியில் எனக்குக் கணக்கு வேலை. விசா முடியப் போகிறது. தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால் 'இவர் எங்களுக்குத் தேவை' என்று பிரையன் எழுதித் தரவேண்டும். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. (நானும் எடுக்கவில்லை. 'யோசிப்பம்' என்று சொல்லிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.)

ஒரு வெள்ளிக்கிழமை அவரே என் மேசைக்கு வந்தார்.

"நாளைக்கு என் அம்மா ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் நகரத்தின் பழைய யுத்தகால இடங்களைக் காட்டுகிறா. நடந்துதான். நீயும் மனைவியும் வாருங்களேன்."

யுத்தத்தை விட்டு ஓடிவந்தவனை யுத்தம் பார்க்கக் கூப்பிடுகிறார். "மிக்க மகிழ்ச்சி சேர்" என்றேன்.

வசந்திக்கு மகிழ்ச்சி இல்லை. "சனிக்கிழமை ஒண்டுதான் ஆறுதலாய் இருக்கிற நாள். அண்டைக்கும் நடக்கோணுமோ?"

"இது நடையில்லையப்பா, இன்டர்வியூ" என்றேன்.

இன்டர்வியூவுக்குரிய கோட்டைப் போட்டு, டையும் கட்டிக்கொண்டு போனேன். மற்றவர்கள் அரைக் காற்சட்டையில் நின்றார்கள். பிரையனின் தாய் மார்கரெட்டுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். மெலிந்த உருவம், வைக்கோல் தொப்பி, எங்கள் எல்லாரையும் விட வேகமான நடை. நான் அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டேன். என் மறுபக்கத்தில் வசந்தி. பிரையன் பின்னால். புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி, அதுவும் பிரையனின் காதில் விழக் கேட்பது என் திட்டம். அதை ஆங்கிலத்தில் மனதுக்குள் கோத்துக்கொண்டே நடந்தேன்.

மார்கரெட் கதை சொல்லிக்கொண்டே போனார். நூற்றிநாற்பது வருடங்களுக்கு முன் வடக்கே பூர்வகுடிகளான மாவோரி மக்கள் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கிளம்பி, அதன் கொடிக்கம்பத்தைத் திரும்பத் திரும்ப வெட்டி விழுத்தினார்களாம். அடுத்தது ஓக்லண்டுதான் என்று பயந்த வெள்ளைக்காரர் இங்கே படைமுகாமைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார்களாம். அதில் ஒரு துண்டு அல்பேர்ட் பூங்காவுக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. கறுத்த எரிமலைக் கல், இடையிடையே துவக்குக் குழல் நீட்ட ஒடுங்கிய ஓட்டைகள்.

அந்த ஓட்டைகளைக் கண்டதும் என் தலை தானாகக் குனிந்தது. ஊரில் இராணுவ முகாமைக் கடக்கும்போது சைக்கிளால் இறங்கி, தலையைக் குனிந்து உருட்டிக்கொண்டு போய்ப் பழகிய உடம்பு இது. 'இது ஓக்லண்ட், இது ஓக்லண்ட்' என்று சொல்லிக்கொண்டு மறுபடி கேள்விக்குத் திரும்பினேன்.

மார்கரெட் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சிலர் காதைப் பொத்தினார்கள். (குளிர்காற்று ஒத்துக்கொள்ளவில்லையாக்கும்.) கேள்வி தயார். வாயைத் திறந்தேன்.

டுமீல்!

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்தியது நான்தான் என்பது பிறகுதான் விளங்கியது. முகம் புல்லுக்குள். என் கை மார்கரெட்டின் முதுகை அமத்திக்கொண்டிருந்தது. அவருடைய தொப்பி பூச்செடிக்குள்.

மெல்லத் தலையைத் தூக்கினேன். மதில் மூலையில் பழங்காலச் சிவப்புச் சீருடை போட்ட ஒருவன், புகைகிற துவக்கோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வேடிக்கைக்கு, குண்டில்லாத வெறும் மருந்து வெடி. அதைத்தான் மார்கரெட் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். படுத்துக் கிடந்தது நாங்கள் இருவர் மட்டும்தான். வசந்தி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா!" பிரையன் ஓடிவந்தார்.

மார்கரெட் அசையவில்லை. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும்? என் கண்முன்னே, திருப்பி அனுப்பினால் போய் இறங்க வேண்டிய கட்டுநாயக்கா விமான நிலையம் வந்து நின்றது. பிரையன் என் தோளைப் பிடித்துத் தூக்கினார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவனை விடு, பிரையன்."

மார்கரெட் எழுந்து உட்கார்ந்து வாயில் இருந்த புல்லைத் துப்பினார். "இதை எங்கே பழகினாய்?"

"யாழ்ப்பாணத்தில்."

அவர் சிரிக்கவில்லை. சிவப்புச் சீருடைக்காரன் பக்கம் திரும்பி, "இன்றைக்கு இது போதும். துவக்கைக் கீழே வை" என்றார். அவருக்கு முழங்காலில் அடிபட்டது தவிர வேறொன்றும் இல்லை. மிச்சத் தூரம் முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஊரைப் பற்றி, வேலையைப் பற்றி, விசாவைப் பற்றியெல்லாம் கேட்டார். நான் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பிரையன் என்னைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

"அம்மாவின் முழங்கால் நீலம் பிடித்திருக்கு."

"சொறி சேர்."

"சத்தம் கேட்டபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். பெற்ற மகன்." பேனாவை எடுத்தார். "அம்மா நேற்றிலிருந்து போன் எடுத்துக் கரைச்சல் தருகிறா. உன் விசாவுக்கு நான் என்ன எழுத வேண்டும்?"

அப்படித்தான் இந்த நாட்டில் தங்கினோம். பிள்ளைகளும் இங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். நான் இந்தக் கதையை வீரக்கதையாகத்தான் தொடங்குவேன். முடிக்க வசந்தி விடுவதில்லை.

"ஓம், வெடி கேட்டவுடனே இவர் பாஞ்சு காப்பாத்தினவர்தான். ஆனா ஆரை? நான் இந்தப் பக்கத்தில எல்லே நிண்டனான்!"

நவம்பரில் இந்த நாட்டு வழக்கப்படி ஊரெல்லாம் வாணவேடிக்கை தொடங்கினால் அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பயமோ என்று கேட்டால், "இல்லை, பக்கத்து வீட்டு மனுசியும் வெளியில நிக்கிறா" என்பாள்.