பச்சை என் ஜன்னல்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். நாத்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தால் ஏழு. ஏழு பேரையும் படிக்க வைத்தேன். நான் படிக்கவில்லை. கையெழுத்துப் போடுவேன்; அதுவும் எழுத்து இல்லை, கோலம் மாதிரி ஒரே இழுப்பு.

எழுத்துத் தெரியாதவர்களுக்கு மற்றவர்களைவிட ஒரு வேலை அதிகம். தெரியாது என்பது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. மாத்திரை என்றால் காலையில் ரோஸ், ராத்திரிக்கு வெள்ளை. பஸ் என்றால் கலரைப் பார்த்து, கண்டக்டர் கூவுவதைக் கேட்டு ஏறிவிடுவேன். போனில் எல்லார் முகமும் இருக்கிறது, முகத்தை அழுத்தினால் ஆள் பேசுவான். (மூத்தவன் கோபாலை அழுத்தினால் மட்டும் அவன் பெண்டாட்டிதான் பேசுவாள்.) இப்படிக் கௌரவமாகப் போய்க்கொண்டிருந்தவளை முன்பின் தெரியாத தெருவில் நிற்க வைத்தது ஒரு கார்.

கார் என் பேரன் முரளியுடையது. கோபாலின் பிள்ளை. சித்தூரில் மாங்கூழ் கம்பெனியில் வேலை. கை மாறி வந்த பழைய வண்டியாக ஒன்று வாங்கினான். முன்சீட்டு எனக்கு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது, முடிவு செய்தவள் நான். அந்தக் காரில் ஜன்னல் ஏற்றி இறக்குகிற சுவிட்சுகள் கதவில் இல்லை. நடுவில், கியர் பக்கத்தில், நாலும் புளியங்கொட்டை மாதிரி கருப்பாக உட்கார்ந்திருந்தன. மேலே ஏதோ எழுத்து, ஏதோ படம். உள்ளே இருந்த குட்டி விளக்குகளும் எரியவில்லை.

ஒருநாள் திருப்பதி போகும்போது எனக்குப் புழுக்கமாக இருந்தது. என் ஜன்னலைத் திறப்பதாக நினைத்துக்கொண்டு ஒன்றை அழுத்தினேன். பின்சீட்டில் கோபால் பக்கத்து ஜன்னல் திறந்துகொண்டது. தூங்குவதற்காக அவன் முகத்தில் போட்டிருந்த துண்டு பறந்துபோய்ப் புத்தலப்பட்டு வயலில் விழுந்தது.

"இன்னாம்மா பண்ற நீ?"

"உனக்குக் காத்து வரட்டும்னு தொறந்தேன். தூங்கறவனுக்குக் காத்து வேணாமா?"

கோபால் நம்பினான். முரளி ஓரக்கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்தான். மறுநாள் அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"சுவிச்சுக்குள்ள லைட்டு மாத்தணும்னு சொன்னியே, எப்பப் போற?"

"ஞாயித்துக்கெழம, ஆயா. எல்.இ.டி. போடறேன். நாலும் நீலம்."

"நாலும் நாலு கலரா போடுடா."

"சரி ஆயா. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"எத?"

"ஒண்ணுமில்ல ஆயா."

கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் தெலுங்கும் தமிழுமாகப் பேசுகிறவர். "நாலு கலரு வத்தும்மா, வேணாம், பாகுண்டது. ஒரே கலரு போட்டாத்தான் ஷோவா இருக்கும், எவரும் இப்படிப் போடமாட்டாங்க" என்றார். "எவரும் போடலன்னா நான் போட்டுக்கறேன்" என்றேன். சுவிட்சைக் கழற்றி, வயிற்றைப் பிளந்து, பழைய பல்பைச் சூடு காட்டி எடுத்துவிட்டு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றை வைத்தார். ஒன்று எரியவில்லை. "இதுக்குத் தல காலு உண்டும்மா, மாத்தி வெச்சா எரியாது" என்று திருப்பி வைத்தார், எரிந்தது. என் ஜன்னலுக்குப் பச்சை. முரளிக்குச் சிவப்பு. எனக்குப் பின்னால் நீலம், அவனுக்குப் பின்னால் மஞ்சள். வீடு வந்து சேருவதற்குள் நாலு ஜன்னலையும் பத்து தடவை ஏற்றி இறக்கியிருப்பேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கலெக்டர் வேலை கிடைத்தவள் மாதிரி இறங்கினேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் நாலும் மறுபடி புளியங்கொட்டை. "ஹெட்லைட்டு போட்டாத்தான் ஆயா அதுவும் எரியும்" என்றான் முரளி. எப்படிப் போடுவது என்று கேட்கவில்லை, பார்த்து வைத்துக்கொண்டேன். ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் ஒரு குச்சி, நுனியை முன்னால் முறுக்க வேண்டும். இதில் படிக்க என்ன இருக்கிறது?

அடுத்த மாதம் முரளிக்குத் திருப்பதியில் பெண் அமைந்தது. மலையடிவாரத்தில், அலிபிரிக்குப் போகிற வழியில் வீடு. பெண் பெயர் ஹேமா. நாங்கள் போய் வாக்குச் சொல்லித் தட்டு மாற்ற வேண்டும். இதற்கு முன்னால் வந்த மூன்று இடம் வாக்கு வரைக்கும் வராமலே போனது, அதனால் கோபால் ஒரு வாரமாகவே சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் அவர்கள் வாசலைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

எனக்காக முரளி பகலிலேயே ஹெட்லைட்டைப் போட்டு ஓட்டினான். எதிரே பைக்கில் வந்தவர்கள் எல்லாம் கையைத் தூக்கி விரலை மூடி மூடித் திறந்தார்கள். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று தெரிந்து வாழ்த்துகிறார்களே என்று நானும் கையாட்டிக்கொண்டே போனேன்.

பெண் வீட்டுக் கேட்டுக்கு வெளியே, கிளம்ப வசதியாக மூக்கு ரோட்டைப் பார்க்க வண்டியை நிறுத்தி, லைட்டையும் அணைத்துவிட்டு முரளி இறங்கினான். தட்டுகளை எடுத்துக்கொண்டு எல்லாரும் உள்ளே போனார்கள், மெதுவாக இறங்குகிற நான்தான் கடைசி. திரும்பும்போது அலிபிரியில் வைத்துக் கும்பிடுவதற்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழம் பின்சீட்டில் இருந்தது. எதிர் மதிலில் ஒரு குரங்கு அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் திறந்து கிடந்தன, சாவி வண்டியில் இருந்தது.

எட்டிச் சாவியைப் பாதி திருப்பி, குச்சியை முறுக்கினேன். கலர்கள் வந்தன. பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள். நாலு ஜன்னலையும் நானே மூடினேன். சாவியை எடுத்து, கதவைத் திறந்ததும் வண்டி 'கீ' என்று கத்தியது. (அது எப்போதும் எதற்காவது கத்திக்கொண்டுதான் இருக்கும்.) குரங்கை ஜெயித்த பெருமையோடு உள்ளே போனேன்.

என்னை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே காரின் பின்பக்கம், அதில் இரண்டு சிவப்பு விளக்கு என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. குச்சியை முறுக்கியது ஞாபகம் வந்தது. சாவி என் கையில் இருக்கிறதே, சாவி இல்லாமல் வண்டி எப்படி விழித்திருக்கும்? தானாக அணைந்துவிடும் என்று பார்த்தேன். அணையவில்லை. ரோட்டில் போன ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, காரைப் பார்த்து விரலை மூடித் திறந்தார். அப்போதுதான் அது வாழ்த்து இல்லை என்று புரிந்தது.

முரளியைக் கூப்பிடலாம் என்றால் அவன் சபை நடுவில். கூப்பிட்டால் ஏன் முறுக்கினாய் என்று வரும், அப்புறம் கலர் வரும், அப்புறம் எழுத்து வரும். எழுந்தேன். பெண்ணின் அம்மா ஓடி வந்து, "பாத்ரூமாம்மா? இப்படி வாங்க" என்று கூட்டிப் போனாள். போகாமல் இருக்க முடியுமா, போய்விட்டு வந்தேன். உட்கார்ந்தேன். சிவப்பு முறைத்தது. மறுபடி எழுந்தேன். மறுபடி பாத்ரூம். இலையில் போட்டது ஒன்றும் இறங்கவில்லை. "ஆயாவுக்குப் பொண்ணு புடிக்கலியா, நிலையா ஒக்காரவே மாட்டேன்றாங்க?" என்று உள்ளே யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. ஒரு வழியாக வாக்குச் சொல்லி, தட்டு மாற்றி, நாலேகாலுக்குப் போய்வருகிறோம் என்று எழுந்தோம்.

முரளி என் கையிலிருந்து சாவியை வாங்கித் திருப்பினான். 'டக்' என்றது. மறுபடி 'டக்'. ஹெட்லைட்டு அணையப் போகிற பீடி மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் கடுகு விளக்குகளுக்கு மட்டும் சாவு வரவில்லை. பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள், நாலும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன.

பெண்ணின் தாய்மாமன், கட்டை மீசைக்காரர், பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"இன்னாய்யா இது, கார்லயே ரிக்கார்டிங் டான்ஸ் வெச்சிக்கினு திரியறாரா மாப்பிள்ள?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் பெண்ணின் அப்பாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் தெருவுக்கே கேட்டது. "மாமா, பட்டப்பகல்ல கலர் லைட்டு போட்டுக்கினு சுத்தற பையன். இன்னொரு தபா விசாரிச்சுக்கலாமே."

பெண்ணின் அப்பா செருப்பைப் பார்த்தார். மாற்றின தட்டு உள்ளே இருக்கிறது, ஆனால் அந்த முகம் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற முகமாக இருந்தது.

"ஏன்டா, கலர் லைட்டு கேக்குதா உனக்கு?" என்று கோபால் பிள்ளைமேல் பாய்ந்தான். "லைட்ட அணைக்காம எறங்கற அளவுக்கு உனக்கு இன்னாடா அவசரம்?"

"தெரியாம விட்டுட்டேன் நைனா" என்றான் முரளி. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சொல்லமாட்டேன் என்றவன் சொல்லவே இல்லை.

ஏழு பிள்ளைகள், பதினோரு பேரப்பிள்ளைகள், ஒருத்தரிடமும் நான் வாயால் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த மீசைக்காரரிடம் சொன்னேன்.

"தம்பி, அது அவன் கலரு இல்ல. என் கலரு. எனக்கு எழுத்துத் தெரியாது. எந்தச் சுவிச்சு எந்த ஜன்னலுதுன்னு தெரியாம முழிக்கறேன்னு எனக்காகப் போட்டுக் குடுத்தான். லைட்ட முறுக்கனதும் நான்தான், கொரங்கு பழத்த துன்னுடும்னு. அதப் பாத்துக்கினுதான் உள்ள ஒக்கார முடியாம பாத்ரூமுக்குப் போய்க்கினு வந்தேன். பொண்ணு எனக்கு நல்லாப் புடிச்சிருக்குது."

கோபாலுக்கு ஐம்பது வயதில்தான் அது தெரிந்தது.

வாசல்படியில் நின்ற ஹேமா முதன்முதலாக என்னிடம் பேசினாள். "பச்ச யாருது, ஆயா?"

"என் ஜன்னலு."

"அப்ப நீங்க பச்சைல ஏறி ஒக்காருங்க. தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்."

அதற்கு அவள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வாக்குக் குடுத்த அன்னிக்கே மாப்பிள்ள ஊட்டுக்காரங்கள நம்ம வாசல்லேருந்து நாமளே தள்ளி அனுப்பறதா? கூடவே கூடாது." எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கோபாலுக்கு இடுப்பு வலி, முரளி ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், பெண் வீட்டார் தொடக்கூடாது.

"வெளிய தள்ளாதீங்க," என்றாள் ஹேமா. "உள்ள தள்ளுங்க. ரிவர்ஸ் கியர்ல."

மீசைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் முன்னால் போய், பானட்டில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினார். பெண்ணின் அப்பா இன்னொரு பக்கம். நான் பச்சையில் உட்கார்ந்து, அவர் மீசையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். ஒரு உதறு உதறி வண்டி உயிர் பிடித்தது. பிடித்த வேகத்தில் கேட்டுக்குள் புகுந்து, செம்பருத்தித் தொட்டி ஒன்றை உடைத்துவிட்டு நின்றது.

கிளம்பிப் போனவர்கள் வாசலுக்குள் திரும்பி வந்தாகிவிட்டது, ராகுகாலமும் பிறந்துவிட்டது. காபி குடிக்காமல் அனுப்ப மாட்டேன் என்றாள் பெண்ணின் அம்மா. ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தோம். எஞ்சினை அணைக்க முரளி சம்மதிக்கவில்லை, அது வாசலில் உறுமிக்கொண்டே இருந்தது. பின்சீட்டைப் பார்த்தால் பழம் இல்லை. மீசைக்காரர் திறந்துபோட்ட கதவு வழியாக, தள்ளலாமா கூடாதா என்று நாங்கள் விவாதித்த நேரத்தில், குரங்கு தன் வேலையை முடித்துக்கொண்டு போயிருந்தது.

ஹேமா எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது காரில் ஏறும்போது யாரும் முன்னால் பின்னால் என்பதில்லை. "நைனா, நீங்க மஞ்சள்ல ஏறுங்க" என்கிறாள், கோபாலும் ஏறுகிறான். மீசைக்காரர் எதற்குப் போன் செய்தாலும் என்னிடம் கொடுக்கச் சொல்லி, "பெரியம்மா, லைட்டு ஆப் பண்ணிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். கல்யாண வீடு, சாவு வீடு எங்கே போனாலும், நான் கொஞ்சம் நெளிந்தால் போதும், எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்க்கிறார்கள்.

அவ்வளவுதான் லாவண்யா, நான் சொல்லச் சொல்ல அடித்தாயே, அந்தப் போனைக் கீழே வைக்காதே. முரளியின் தங்கச்சி என்பதற்காக அவனை நல்லவனாக்கி நீ ஏதாவது சேர்த்திருக்கிறாயா என்று நான் கேட்க வேண்டும். முதலில் இருந்து படி. பாத்ரூம் வருகிற இடத்தில் சிரிக்காமல் படி.