முடி டாக்டரும் என் பச்சைத் தலையும்

“நீ நெசமாவே கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணா?”

பட்டமளிப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது என்னை இப்படிக் கேட்டவர் பேராசிரியர் இல்லை. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் சலூன் வைத்திருக்கும் பெண்மணி. அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் ‘டாக்டர்’. ஜோகூரில் உள்ள அத்தனை மருத்துவர்களையும் வரிசையில் நிறுத்தினாலும், உச்சந்தலையை மட்டும் பார்த்து ஒருவர் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கும் திறமை இவருக்கு மட்டும்தான் உண்டு. அவரிடம் பொய் சொல்லித் தப்பித்தவள் நான் ஒருத்திதான். அதுவும் முக்கால் மணி நேரம்தான் தப்பித்தேன்.

டாக்டர் முட்டி வரைக்கும் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். பையில் பேனா செருகும் இடத்தில் மூன்று சீப்புகள். சாயம் என்ற சொல் அவர் வாயில் வராது, மருந்து என்பார். வாடிக்கையாளர் பேஷண்ட். கண்ணாடியை ஒரு பாத்தேக் சாரோங்கால் மூடி வைத்திருப்பார். “ஆப்பரேஷன் நடக்கறப்ப பேஷண்ட் பாக்கலாமா?” வேலை முடிந்த பிறகுதான் துணியை விலக்குவார்.

நிற அட்டையில் படம் கிடையாது, பானங்களின் பெயர்தான். கோப்பி ஓ என்றால் கறுப்பு. தே ஓ என்றால் செம்பழுப்பு. தே தாரேக், அதாவது பால் டீயின் வெளிர்பழுப்பு, வேண்டும் என்று யாராவது கேட்டால், “அந்த அளவுக்கு உங்க மூஞ்சி தாங்காது” என்று சொல்லிவிடுவார்.

ஒருமுறை சிங்கப்பூர்ப் பெண் ஒருத்தி எல்லைப் பாலத்து நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்று, நடிகையின் படத்தோடு வந்தாள். டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இந்தக் கலர் முடியில இல்லமா, லைட்ல இருக்கு. லைட்டையும் தூக்கிட்டு அலைவீங்களா?” என்று கேட்டு, நுனியை மட்டும் வெட்டி அனுப்பினார். அந்தப் பெண் அதற்குப் பிறகு மாதாமாதம் வருகிறாள்.

ஐம்பத்தைந்து வயதில் இரண்டாம் கல்யாணம் செய்யப் போனவர் கன்னங்கரேலென்று வேண்டுமென்றார். “மூஞ்சிக்கு அம்பத்தஞ்சு, முடிக்கு இருபது. ரெண்டும் ஒரே வீட்டுல எப்படிலா குடியிருக்கும்?” மனிதர் நரையோடுதான் தாலி கட்டினார்.

வெளியே போனாலும் விடமாட்டார். காலைச் சந்தையில் கெம்போங் மீன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை நிறுத்தி, கைப்பேசி வெளிச்சத்தில் வகிடு பிரித்துப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். “தேங்கெண்ண வெச்சிட்டீங்க. நான் பத்து நாள்னு சொன்னேன், இன்னிக்கு எட்டாம் நாள்.” பரிசோதனை முடியும்வரை மீன்காரர் கத்தியை ஓங்கியபடியே நின்றார்.

இந்த டாக்டரிடம்தான் நான் போனேன். எங்கள் வீட்டில் ஆறாம் ஆண்டைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார், அப்பா குலை வெட்டுகிறார். நான் வேதியியலில் பட்டம் வாங்கப் போகிறேன் என்று தெரிந்த அன்றே அப்பா முன்கூடத்தில் காலண்டரை இறக்கிவிட்டு, பட்டமளிப்புப் படத்துக்காக ஒரு ஆணி அடித்துவிட்டார். படமே இல்லாமல் மூன்று மாதமாக அந்த ஆணியை இருவரும் அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தில் நான் தே ஓ நிறத்தில் மின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் என் பெயரில் ஒரு கார்டு எழுதினார். “இனாய் போட்டிருக்கியா?”

“இல்ல டாக்டர்.”

இனாய் என்பது நம் மருதாணிதான். அம்மா எனக்குப் போடுவது கடையில் பாக்கெட்டில் விற்கும் கறுப்பு இனாய்ப் பொடி. அந்த மாதிரிப் பொடிகளில் சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும், அதன் மேல் சலூன் மருந்து பட்டால் நிறம் தாறுமாறாகும். நான்கு வருடம் படித்த எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் சிங்கப்பூர்ப் பெண்கள் மூவர் பின்னால் காத்திருக்க, ‘எங்கம்மா வீட்டுக்குப் பின்னால் பழைய பேப்பரை விரித்து உட்கார வைத்துப் பொடி பூசுவார்’ என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு ஒன்றும் ஆகாது என்றும் ஒரு நினைப்பு.

டாக்டருக்கும் ஒரு விதி உண்டு. புதுத் தலை என்றால் நான்கு முடியை வெட்டி, மருந்தில் ஊறவைத்துப் பார்த்த பிறகுதான் தொடுவார். அன்றைக்குக் கூட்டம். நானும் பஸ் போய்விடும் என்று அவசரப்படுத்தினேன். விதியைத் தாண்டினார்.

முக்கால் மணி நேரம் கழித்து சாரோங்கை விலக்கினார்.

கீழே டயர் கடையில் யாரோ நட்டைக் கழற்றும் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டர் மெதுவாகச் சொன்னார்: “வெயில்ல பாத்தா வேற மாதிரி தெரியும்.”

பால்கனிக்குப் போய்ப் பார்த்தோம். வேறு மாதிரிதான் தெரிந்தது. இன்னும் பச்சையாக.

“உங்க மருந்து சரியில்ல டாக்டர்.”

“இங்க இருந்தது மருந்தும் நீயும்தான். இதுல பொய் சொல்ற வாய் யாருக்கு இருக்கு?”

“நான் கெமிஸ்ட்ரி படிச்சவ. உங்க டைமிங் தப்பு.”

“நான் இருவது வருசமா தல படிச்சவ. என் டைமிங் தப்பாது.”

பயனீட்டாளர் மன்றத்தில் புகார் செய்வேன் என்று சொல்லி, துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் அம்மா துப்பட்டாவை உருவிப் பார்த்தார். “என்னாடி, தலையில பச்சையா செண்டோல் ஊத்திக்கிட்டு வந்திருக்க? அலமாக், படத்துல இப்படியா நிப்ப? நாளைக்கு நானும் வரேன். யாரு அந்த டாக்டருனு பாக்கறேன்.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவின் பொடிதான் காரணம் என்று ஆகிவிடும். மகளின் பட்டமளிப்பைத் தன் கையாலேயே கெடுத்ததாக அவர் நினைத்துவிட்டால் அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சலூனுக்கு விடுமுறை. அம்மா ஷட்டரைத் தட்டிய தட்டலில் டயர் கடைக்காரரே வெளியே வந்தார். டாக்டர் திறந்தார். விடுமுறை நாளிலும் வெள்ளைக் கோட்டு.

“என் பிள்ள தலைய என்னா பண்ணி வெச்சிருக்கீங்க? இதுக்குப் பேரு டாக்டரா?”

டாக்டர் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “அக்கா, பிள்ளைக்கு முடி இவ்வளவு நீளமா இருக்கே. தலைக்கு என்ன போடுவீங்க?”

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “எல்லாம் என் கைதான். சின்னதுலேருந்து இனாய்ப் பவுடரு. போன மாசங்கூட ரெண்டு பாக்கெட்டு போட்டேன்.”

டாக்டர் மெல்ல என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நெசமாவே கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணா என்று.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தோட்டத்தில் பாம்பைக் கண்டே பின்வாங்காதவர், குரல் இறங்கிக் கேட்டார்: “என் பவுடரால வந்ததா?”

தன் வாழ்நாளில் ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ளாத டாக்டர், என் அம்மாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

“இல்லக்கா. தப்பு என்னுது. நாலு முடி வெட்டி டெஸ்ட் பண்ணாம மருந்து வெச்சேன். உங்க பவுடர் மேல தப்பு ஒன்னும் இல்ல.”

அதற்குமேல் நான் சும்மா இருக்க முடியவில்லை. “நான்தான்மா பொய் சொன்னேன். இனாய் போடலன்னு சொன்னேன்.”

அம்மா என்னை முறைத்தார். “ஏன், இனாய் போட்டா என்னா கேவலம்?” என்று ஒரே ஒரு கேள்வி. என் பட்டப்படிப்பில் அவ்வளவு கஷ்டமான கேள்வி வந்ததில்லை.

டாக்டர் கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “ரெண்டு பேரும் அழுது முடிச்சிட்டா வேலையப் பாக்கலாமா?”

அன்று முழுதும் நானும் டாக்டரும் சண்டை போட்டோம். பழைய மருந்து மறுபடி படவே கூடாது, உப்போடு வினை நடக்கும் என்றேன். தெரியும், பச்சைக்குச் சிவப்புதான் மருந்து என்றார் அவர். ஏன் சிவப்பு என்று நான் விளக்கினேன். விளக்கம் எனக்கு வேண்டாம், அளவு சொல்லு என்றார். பின்கழுத்திலிருந்து சிறு கற்றைகளாக வெட்டி, நான் கலக்க அவர் ஊறவைக்க, பதினேழு கற்றைகளை அட்டையில் ஒட்டினோம். அவர் கிண்ணத்தை யாருக்கும் கொடுக்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். பத்தாவது கற்றைக்குப் பிறகு கிண்ணம் என் கையில்தான் இருந்தது. பதினேழாவது கற்றை ஒத்துவந்தது. நான்கு வருடப் படிப்பு முதன்முதலில் பலித்தது என் தலையில்தான் என்று நான் எங்கும் சொல்லிக்கொள்வேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, தொலைபேசியில் அப்பாவுக்கு அறிக்கை கொடுத்தபடி இருந்தார்: “ரெண்டும் இங்கிலீசுலயே அடிச்சிக்குதுங்க. நம்ம பிள்ளதான் ஜெயிக்குது.”

தலை கோப்பி ஓ நிறத்துக்கு வந்தது. இடது காதுக்குப் பின்னால் ஒரு பட்டை மட்டும் எதற்கும் மசியவில்லை, பச்சையாகவே நின்றது.

சனிக்கிழமை பட்டமளிப்பு. மண்டப வாசலில் யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். டாக்டர். வெள்ளைக் கோட்டைப் பார்த்த காவலாளி முதலுதவிக் கூடாரத்துக்கு வழி காட்டியிருக்கிறார். என் தொப்பியை இடது பக்கம் சாய்த்து, ஊசி குத்தி, “காத்து இந்தப் பக்கம் அடிக்குது, நீ அந்தப் பக்கம் நில்லு” என்று உத்தரவிட்டார்.

தொப்பி சரிந்துவிட்டது. படத்தில் பச்சைப் பட்டை அழகாகத் தெரிந்தது. கம்ப்யூட்டரில் கறுப்பாக்கித் தருகிறேன் என்றார் படக்காரர். “வேணாம் தம்பி, என் பிள்ள தல அப்படியே இருக்கட்டும்” என்றார் அம்மா. அப்படியே மாட்டினார்கள். வருகிறவர்களிடம் அம்மா அந்தப் பட்டையைத் தொட்டுக் காட்டி, “இவ பொய் சொன்ன எடம் இது” என்று அறிமுகப்படுத்துகிறார். பிறகுதான் பட்டத்தைப் பற்றிச் சொல்கிறார்.

நான் முதுகலைக்குப் பதிந்துவிட்டேன். கடைகளில் விற்கும் இனாய்ப் பொடிகளில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. குளுவாங் முதல் கூலாய் வரை பொடிகள் வாங்கியாகிவிட்டது. அவை பட்ட முடிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் டாக்டர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொன்றிலும் தரையில் விழுந்த முடி, மேலே என்ன பொடி, எத்தனை மாதம் என்று அவருடைய கோணல் எழுத்து. நாற்பத்தொரு பைகள். நான் கேட்கவே இல்லை.