என் மகளின் முழங்கை

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படித்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மருமகள் பேஸ்பால் அணியில் பந்து எறிகிறாள் அல்லவா? போன மாதம் முழங்கை வலிக்கிறது என்றாள். டாக்டர் பார்த்துவிட்டு, "கையால மட்டும் எறியறா. களைச்சா முழங்கை தோளுக்குக் கீழ இறங்குது. இப்படியே போனா மூட்டு போயிடும், அப்புறம் ஆட்டத்தையே மறந்துட வேண்டியதுதான்" என்றார். அன்றிலிருந்து அவள் பல் தேய்த்தாலும் தலை வாரினாலும் "முழங்கை!" என்று உங்கள் தங்கை சமையலறையிலிருந்து கத்துவாள். நான் லிப்ட் மெக்கானிக், சும்மா இருப்பேனா? "தூக்குறது கயிறு இல்லம்மா, மோட்டார். உன் மோட்டார் கால்ல இருக்கு" என்று ஒரு காலைத் தூக்கிக் காட்டப்போய் டீவி மேலேயே விழுந்தேன். "அப்பா, நீங்க உட்காருங்க. நானே பாத்துக்கறேன்" என்றாள். பார்த்துக்கொண்டாள் மச்சான்! கண்ணாடி முன்னால், பந்தே இல்லாமல், தினமும் அதே பயிற்சி. கால் ஊன்றும், இடுப்பு திரும்பும், தோள் வரும், கை கடைசியில்தான் வரும். அடடா, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். இவள் எறிந்த பந்துக்கு, எதிரணியில் அடிக்க வந்தவளெல்லாம் காற்றை அடித்துவிட்டுத் திரும்பினாள். எங்களுக்கு ஒரே ஓட்டம் அதிகம். அவர்களில் ஒருத்தி ஓடத் தயாராக நிற்கிறாள். இன்னும் ஒருத்தியை வெளியேற்றினால் கோப்பை எங்களுக்கு. அப்போது பார்த்து இவள் கையை உயர்த்தி, "கோச், முழங்கை இறங்குது. வேற ஆளை விடுங்க" என்கிறாள்! நான் வேலியைப் பிடித்து உலுக்கி, "ஒண்ணே ஒண்ணும்மா!" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாற்றாக வந்த பெண்ணின் முதல் பந்தையே எதிரணிக்காரி வேலி தாண்டி அடித்தாள், நின்றவளும் அடித்தவளுமாக இரண்டு ஓட்டம். தோற்றோம்.

வண்டியில் வரும்போது, "வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குப்பா. ஆனா அடுத்த வருஷமும் எறியணும்ல?"

இந்த வயதில் நிறுத்தத் தெரிகிறது பாருங்கள்! நானும் அன்றே திருந்திவிட்டேன். உடம்பு போதும் என்றால் போதும், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு இரண்டிலும் பாதி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: மாமா, அப்பா சொல்லச் சொல்ல இதை எழுதினது நான்தான். அவர் வலது கை கட்டுல தொங்குது. நான் எப்படி எறிஞ்சேன்னு நேத்து மொட்டை மாடியில பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் காட்டினார். போதும்பா, போதும்பான்னு நானும் அம்மாவும் கெஞ்சினோம், கேக்கவே இல்ல. இப்ப இடது கையால எறிஞ்சு பழகறார். நீங்க ஒரு போன் போட்டுத் திட்டுங்க மாமா, நீங்க சொன்னாத்தான் கேப்பார்.