ஐம்பத்தோராம் வயதில் பிறந்தவன்

மனிதன் தாய் வயிற்றிலிருந்து வெளியே வரும்போது பிறக்கிறான் என்று மருத்துவர்கள் வெகுகாலமாக ஒரு தவறான கருத்தைப் பரப்பி வருகிறார்கள். உண்மையில் அவன் பிறப்பது முதல் கடனில் கையெழுத்துப் போடும்போதுதான். அந்தக் கணக்குப்படி நான் ஐம்பத்தோராம் வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்குப் பிறந்தேன். பிரசவம் பார்த்தது வங்கி.

பிறப்பதற்கு முன் நான் மூக்குக்கண்ணாடி பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி நாலு தெரு தள்ளி ஒரு தையல் கடையில் பத்தொன்பது வருடங்களாகத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் யாரிடமும் கைநீட்டியதில்லை. அதைப் பெருமை என்று வேறு நினைத்திருந்தோம். அறியாமைக்கு எத்தனை வேஷம்!

ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க, முதலாளி மக வீட்டோட போயிடப் போறாராம். 'கடையை நீயே எடுத்துக்கம்மா, ஏழு மெஷினும் உனக்குத்தான், ஒரு வருஷம் வேற யார்கிட்டயும் பேச மாட்டேன்'னு சொல்லிட்டாரு."

கடை விலையில் பாதி எங்கள் சேமிப்பில் இருந்தது. மீதிக்கு வங்கிக்குப் போனோம். வங்கி விவகாரம் தெரிந்தவன் என்பதால் அவள் தம்பியும், அதாவது என் மச்சானும், துணைக்கு வந்தான்.

கடன் பிரிவு அதிகாரி எங்கள் இருவரையும் கணினியில் தேடினார். காணாமல் போனவர்களைத் தேடுகிற முகம்.

"சார், உங்க ரெண்டு பேருக்குமே கடன் வரலாறு இல்லையே."

"கடனே வாங்கினதில்லைங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். அப்புறம் எப்படி நம்புறது?"

"நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?"

"பண்ணியிருந்தாக்கூடப் பரவால்ல சார். எவ்வளவு தப்புன்னு ஒரு நம்பர் வரும். உங்களுக்கு நம்பரே வரலை."

அப்போதுதான் அவர் மச்சானைக் கவனித்தார். உடனே எழுந்து நின்றார். மச்சானுக்குப் பதினொரு கடன்கள். ஒன்றை வாங்கி இன்னொன்றைக் கட்டுவான், தேதி மட்டும் தவறமாட்டான். அவன் கடன் மதிப்பெண் தொள்ளாயிரத்துக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று. தேநீர் வந்தது, அவனுக்கு மட்டும்.

"கவலைப்படாதீங்க மாமா," என்றான் உறிஞ்சிக்கொண்டே. "பூஜ்யத்துலேருந்து கட்டி எழுப்பிடலாம்."

கட்டி எழுப்பினோம். எங்கள் சேமிப்பில் ஒரு பகுதியை வங்கியிடம் அடகு வைத்ததும் அதன் பேரில் ஒரு கடன் அட்டை கொடுத்தார்கள். அதாவது, என் பணத்தை நம்பி எனக்கே கடன். அதை நான் மாதாமாதம் ஒழுங்காகத் திருப்பித் தர வேண்டும். வங்கி நடுவில் நின்று என் யோக்கியதையைக் கவனிக்கும். இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டை ஒருவர் தனியாக யோசித்திருக்க முடியாது. கூட்டம் போட்டிருப்பார்கள்.

அன்றுமுதல் சோப்பும் நூல்கண்டும்கூட அட்டையில்தான்.

"கைல காசு இருக்குல்ல, குடுத்துட்டு வாங்களேன்," என்றாள் மனைவி, கடையில் வரிசை நீள்வதைப் பார்த்து.

"காசு குடுத்தா நாம நாணயமானவங்கன்னு யாருக்குத் தெரியும்?"

ஒரே வகைக் கடன் போதாது, தவணைக் கடனும் வேண்டும் என்றார் அதிகாரி. பன்னிரண்டு தவணையில் ஓர் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கினோம். நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் அது. மனைவி அதில் ஈரத்துணி காயப்போட்டாள். என் வரலாறு மட்டும் அதில் ஏறி விரைந்து முன்னேறியது.

பதினோராவது மாதம் என் மதிப்பெண் எழுநூற்று நாற்பத்தெட்டு. மனைவி தையல் சாக்குக்கட்டியால் அதைச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதினாள். பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அந்தப் பூரிப்பில்தான் நான் அந்தக் குற்றத்தைச் செய்தேன். பெரிய கடன் கேட்கப் போகிறோம், சின்ன பாக்கிகளோடு போய் நிற்பானேன் என்று, சைக்கிளின் மீதித் தவணைகளை முன்கூட்டியே கட்டினேன். அட்டைக் கணக்கையும் பைசா பாக்கியில்லாமல் தீர்த்து மூடினேன். இரண்டு வாரம் கழித்து, நெஞ்சு நிமிர்த்தி வங்கிக்குப் போனேன்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க!" அதிகாரி பதறினார்.

"எல்லாத்தையும் கட்டிட்டேங்க."

"அதான் சார்! இருந்ததே ரெண்டு கணக்கு, ரெண்டையும் மூடிட்டீங்க. மதிப்பெண் சரிஞ்சுடுச்சு. கடனை முடிக்கக் கூடாது சார், நடத்திக்கிட்டே இருக்கணும். இன்னும் ஒரு வருஷம் முயற்சி பண்ணுங்க."

அன்று மாலை மனைவி ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கெடு முடிந்தது. முதலாளி மகள் வீட்டுக்குக் கிளம்பினார். கடை மச்சானுக்குப் போனது.

"வெளியாள் கைக்குப் போயிடக் கூடாதுல்லக்கா," என்றான். அவனுக்கு நாற்பது நிமிடத்தில் கடன் கிடைத்தது, தேநீர் குடித்த நேரம் உட்பட.

இப்போது மனைவி அதே கடையில், அதே மேசையில், தம்பிக்காகத் துணி வெட்டுகிறாள். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. நேற்று நான் கூடவே போயிருந்தேன்.

"தம்பி, சம்பளம் என்னாச்சு?" என்று கேட்டாள்.

"அக்கா, பத்தாம் தேதி தவணை இருக்கு. ஒரு நாள் பிசகினாலும் என் பேரு கெட்டுடும். உனக்கென்ன, நீ வீட்டு ஆளு."

நேரே வங்கிக்கு நடந்தேன். வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் தராவிட்டால் மதிப்பெண் குறையுமா என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"அதெல்லாம் இதுல வராது சார்," என்று அன்போடு விளக்கினார்.

மச்சானின் மதிப்பெண் எண்ணூற்று ஆறாக உயர்ந்திருக்கிறது. கடைக்கடனில் இதுவரை மூன்று தவணைகள், ஒன்றுகூடத் தவறவில்லை. மூன்றும் யாருடைய கூலி என்று வங்கி அவனைக் கேட்டதில்லை. நம்பிக்கைக்குரியவர்களிடம் அப்படியெல்லாம் கேட்பது மரியாதையாக இருக்காது.