சங்க மண்டபத்தின் கடைசிக் கட்டம்

வாழ்க காசிமிர் பீலாக்! ஹார்வுட் கார் ஆலையில் இருபத்தெட்டாண்டு கதவு மாட்டிய கரத்தினர்; காற்றுத் திருப்புளியை வேலெனத் தாங்கிய தோளினர்; ஓய்வு பெற்றும் ஓயாத நாவினர்; டெட்ராயிட்டின் கிழக்குப் புறத்துத் தொழிற்சங்க மண்டபத்து வாகன முற்றத்துக்குத் தம்மைத் தாமே காவல்தெய்வமாக நியமித்துக்கொண்ட தகைமையாளர்! கலைமகளே, இந்தக் குளிரில் உன்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்ததற்குப் பொறுத்தருள்வாய். பாட்டுடைத் தலைவர் இவர்தான், வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஒரு காலத்தில் ஹார்வுட் என்றால் ஹார்வுட். மாப்பிள்ளை அந்த வண்டியில் வந்து இறங்கினால் பெண்வீட்டார் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். பிறகு, கடலுக்கு அப்பாலிருந்து எண்ணெய் அதிகம் குடிக்காத சின்னஞ்சிறு வண்டிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்க, அவற்றைக் கண்டு நகைத்த ஹார்வுட் பெருந்தனக்காரர்கள் நகைத்தபடியே நாற்காலியிலிருந்து நழுவ, விற்பனைக்கூடங்கள் மெத்தைக் கடைகளாக, ஆலைக் கூரையில் புறாக்கள் குடும்பம் நடத்தத் தொடங்கின. அந்தத் துயர் பொறாது நம் வீரர் சங்கக் கூட்டத்தில் எழுந்து முழங்கிய தீர்மானமே இன்றும் முற்றத்து வாயிலில் பலகையாய் நிற்கிறது: ‘அயல்நாட்டில் செய்த வண்டிக்கு இங்கே இடமில்லை. தெருவுக்கு எதிரே நிறுத்துக.’ எதிரே என்பது சலவைக்கடைக்குப் பின்னால், உருகிய பனி கணுக்கால் வரை தேங்கிக் கிடக்கும் பள்ளம்.

அன்று தவக்காலத்து வெள்ளி, இறைச்சி விலக்கி மீன் உண்ணும் நாள். மண்டபத்தில் மாவில் தோய்த்த மீன் எண்ணெயில் மிதந்து பொன்னிறம் கொண்டிருக்க, அதன் மணம் நான்கு தெருக்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. காசிமிர் ஓட்டிவந்த ஹார்வுட்டின் பக்கத்து இருக்கையில் அவருடைய மனைவி இரேனா, மருத்துவர் பொருத்திய புது முழங்காலைத் தடவியபடி அமர்ந்திருந்தாள். “படிக்கு முன்னாலயே எறக்கி விடுறேன், ஒரு அடிகூட நீ பனில வைக்க வேணாம்” என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துத்தான் கிளப்பியிருந்தார். மண்டபத்துப் படியருகே ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மற்ற இடமெல்லாம் வண்டிகள், அல்லது ஒதுக்கித் தள்ளிய பனிமலைகள்.

அப்போது கண்டார் பகையை! செவ்வண்ணமும் சிற்றுடலும் ஜப்பானியப் பெயரும் கொண்ட வண்டியொன்று, இடப்பக்க விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி, அதே கட்டத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவள் லோரெய்ன் டப்ஸ், அதே ஆலையின் வண்ணப்பூச்சுப் பகுதியில் அவருக்குச் சமகாலத்து வீராங்கனை. காசிமிரின் புருவம் வில்லென வளைந்தது, பாதம் இடியென இறங்கியது, ஹார்வுட் வேழமெனப் பிளிறியது, பிளிறிய வேகத்தில் வாயிலின் குறுக்கே, அவளுக்கு முன்னால் சென்று இருமியது, தும்மியது, அடங்கியது.

“செத்துப்போச்சா?” என்றாள் இரேனா.

“மூச்சு வாங்குது” என்று சொல்லிவிட்டு இறங்கினார் காசிமிர். மீனுக்காக வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, பலகையைச் சுட்டி அவர் அறைகூவினார்: “நில், கடல் கடந்து வந்த தகரமே! எங்கள் உலைகளை அவித்தாய், எங்கள் கதவுகளைச் சாத்தினாய். எங்கள் மீனின் மணமும் உனக்கு வேண்டுமோ? போ, பள்ளத்துக்குப் போ!”

லோரெய்ன் கண்ணாடியை இறக்கினாள். “யோவ் காஸ், மீன் ஆறுது. ஒன் பலகையில என்ன எழுதியிருக்கு, நீயே படி.”

“அயல்நாட்டில் செய்த வண்டி...”

“செஞ்ச வண்டி! பேரு வச்ச வண்டின்னா போட்டிருக்கு? இது நம்ம பக்கத்து மாநிலம் ஒஹையோவுல செஞ்சது. என் தங்கச்சி மவன்தான் அங்க சீட்டு மாட்டுறான். ஒன்னுது எங்க செஞ்சது?”

“ஹார்வுட்டுடி இது! பேரைக் கேட்டாலே தெரியல?”

“நம்ம ஆலைய இழுத்து மூடி மூணு வருசம் கழிச்சுத்தானே நீ இத வாங்குன? வானத்துலருந்தா விழுந்துச்சு?”

வரிசையில் யாரோ கனைத்தார்கள். வண்டிக்குள்ளிருந்து இரேனா சொன்னாள்: “ஏங்க, எங்க செஞ்சதுன்னு கதவுப் பக்கத்துல தகடு இருக்கும்ல. அதப் பாத்துட்டுப் பேசுங்க.”

கதவுகளைக் கணக்கின்றி மாட்டிய அம்மாவீரர், தம் சொந்த வண்டியின் கதவுச் சட்டத்தருகே முதன்முறையாகக் குனிந்தார். சின்னத்தைப் பார்த்து வாங்கியவர் தகட்டைப் பார்த்ததில்லை. அதில் மெக்ஸிகோ என்று இருந்தது. கீலைத் தடவிப் பார்த்தார். எங்கோ ஒருவன், அவரைப் போலவே ஒருவன், காலையில் நின்று சாயங்காலம் வரை மாட்டிய கதவு. குறை சொல்ல முடியாதபடி மாட்டியிருந்தான், அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

“ஒன் சட்டம்ப்பா,” என்றாள் லோரெய்ன், சற்று இறங்கிய குரலில். “மீறலாம்னா நீயே சொல்லு, மீறிக்குவோம்.”

இத்தனை பேருக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வார்? தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்! இரேனா கதவைத் திறந்து, கைத்தடியை ஊன்றி, லோரெய்னின் வண்டியில் ஏறிக்கொண்டாள். “நீங்க சட்டத்தோட வாங்க. நான் இவளோட போறேன்.”

ஆகவே, தேர் சாய்ந்தும் தோள் சாயாத தலைவர், தாம் வகுத்த நெறிக்குத் தாமே தலைவணங்கி, உயிர் நீத்த ஹார்வுட்டின் பின்புறத்தில் மார்பைக் கொடுத்து, தெருவைக் கடந்து, சலவைக்கடையைச் சுற்றி, பனிநீர் காலணிக்குள் புகுந்து விரல்களை எண்ண, அதனைப் பள்ளத்தில் கிடத்தி, வெள்ளிக் கழுகுச் சின்னத்தை ஒருமுறை துடைத்து, திரும்பி நடந்து, படியருகே கட்டத்தில் நின்ற சிவப்பு வண்டியைப் பாராது கடந்து, புறமுதுகிடாப் பெருமிதத்தோடு படியேறி, தட்டை ஏந்தி நின்றார்.

மீன் தீர்ந்துவிட்டது.