போகும்போது மட்டும் சோதனை

இந்தக் காலத்தில் யாரையாவது நம்பி ஒரு கதவைத் திறந்துவைக்க முடிகிறதா? சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள். போகும்போது இடுப்பில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் அந்தத் தொழிற்சாலையின் வாசல் காவலாளி இருபது வருஷமாக இதைத்தான் சொல்லிவருகிறார். தொழிலாளிகள் அவருக்கு வைத்திருக்கும் பேர், சந்தேகம்.

அன்று சாயங்காலம் அவர் கையிலிருந்த, உலோகம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் புது டிடெக்டர் ஒருத்தியின் வயிற்றுக்கு நேரே வந்ததும் கீச்சென்று கத்தியது. அவள் அவருடைய சொந்த மருமகள்.

வளையலைக் கழற்றினாள். கத்தியது. ஊக்கை எடுத்தாள். அப்போதும் கத்தியது. புது பேட்டரி போட்டுப் பார்த்தார். இன்னும் உரக்கக் கத்தியது.

"மாமா, காலைல உள்ள வரும்போதும் வெச்சுப் பாருங்க. அப்பவும் கத்தும்."

"உள்ள வரும்போது எவளாவது திருடுவாளா? போகும்போதுதான் சோதனை."

மருமகள் என்று விட்டுவிட்டதாக நாலு பேர் பேசிவிடக் கூடாது. மேற்பார்வைக்காரியைக் கூப்பிட்டு உள்ளறையில் சோதிக்க வைத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் வினையாயிற்று. கம்பியை முழுங்கிவிட்டாள் என்று மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. எக்ஸ்ரே படத்தோடு வா, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார் முதலாளி.

அவள் சம்பளத்தில்தான் இரண்டு பெண்பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். புருஷன் வீட்டைவிட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது. அதற்கும் காரணம் மாமனாரான இந்தக் காவலாளிப் பெரியவர்தான். மூத்தவள் பிறந்ததும், இனிப் பிள்ளை வேண்டாமென்று ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பைக்குள் ஏதோ வைத்து அனுப்பினார்கள். அப்படியும் இளையவள் பிறந்தாள். வைத்தது தானாக விழுந்திருக்கும் என்றாள் நர்ஸ். "விழுந்ததைக் கண்ணால பாத்தது யாரு?" என்று மகனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் பெரியவர். மகன் பெட்டியைக் கட்டிவிட்டான். இளையவளை அவர் இன்றுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அது' என்பார்.

அடிவயிறு குத்துகிறது என்று மருமகள் சொல்லும்போதெல்லாம், வாயு என்பார்.

டிடெக்டரையும் பையில் போட்டுக்கொண்டு, படம் எடுக்க அவரே கூட்டிப்போனார். தனியாக விட்டால் வேறு ஆளைப் படுக்க வைத்துவிடுவாளாம்.

எக்ஸ்ரேக்காரர் படத்தை விளக்கில் மாட்டினார். தொப்புளுக்குக் கீழே, பொம்மைச் சுத்தியல் போல வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

"பாத்தியா, கம்பி," என்றார் பெரியவர். முகத்தில் இருபது வருஷத்து வெற்றி.

"கம்பிதான் பெரியவரே. காப்பர் டி. கர்ப்பப்பைக்குள்ள வெக்கறது. அதைத் துளைச்சுக்கிட்டு வெளிய வந்து, தோலுக்கடியில உக்காந்திருக்கு. எத்தனை வருஷம் வலியைத் தாங்குச்சோ இந்தப் பொண்ணு. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்."

"படம் மாறியிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வாசலில் செருப்பை மாட்டினார்.

எக்ஸ்ரேக்காரர் படத்தை உறையில் போட்டபடியே மருமகளிடம் சாதாரணமாகக் கேட்டார்:

"ஏம்மா, இது இடம் மாறின அப்புறம் உனக்கு இன்னொரு குழந்தை உண்டாகியிருக்குமே. பிறந்துச்சா?"

அவள் மாமனாரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பவில்லை. தெருவுக்கு வந்ததும் பையிலிருந்த டிடெக்டரை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அது கத்தவே இல்லை.

அதையும் நம்பாமல் நடந்தார்.