சூசையப்பர்பாட்டின் கறுப்புத் தடம்

மலையே இல்லாத சீமையில் மலைச் சைக்கிளுக்குத் தடம் வகுத்த பெருமை, உலக வரலாற்றிலேயே எங்கள் 'மாவட்ட மலை மிதிவண்டி மேம்பாட்டுக் குழு' ஒன்றுக்குத்தான் உண்டு. மலை இருக்கிற ஊர்க்காரன் மலைச் சைக்கிள் விடுவதில் என்ன அதிசயம்? அவனுக்கு வேறு வழியில்லை, விடுகிறான். இல்லாத மலையில் ஏறி இல்லாத சரிவில் இறங்குவதற்குத்தான் தனித் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் 2007-ஆம் வருடத்துச் சித்திரை வெயிலில் குழுத் தலைவர் சேதுராமனுக்கு வந்தது.

சேதுராமன் பணியிலிருந்து ஓய்வு பெற்றும் மற்றவர்களை ஓயவிடாத பெரிய மனிதர். மகளைப் பார்க்கச் சுவிட்சர்லாந்து போனவர், திரும்பி வரும்போது சாக்லேட்டோடு ஒரு கையேட்டையும் கொண்டுவந்தார். மலைச் சைக்கிள் தடங்களுக்கு எப்படிக் குறி வைப்பது என்று அதில் வண்ணப்படங்களோடு போட்டிருந்தது. சாகசச் சுற்றுலாவுக்கு நிதி வரப்போகிறது என்று காதில் விழுந்ததும், அவர் ஒரு குழுவை அமைத்தார். குழுவுக்கும் குழிக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பது எதிரிகள் கிளப்பிவிட்ட பேச்சு.

அந்தக் குழுவுக்குத்தான் வேல்சாமியை அயல்பணியாக அனுப்பினார்கள். வேல்சாமி நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. நில அளவைப் பிரிவில் பல வருடம் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். இன்னொரு முனையைப் பிடித்தவர்கள் எல்லாம் பதவி உயர்வு பெற்றுப் போய்விட்டார்கள். இப்போது முதல்முறையாக அவருக்கென்று ஒரு பதவிப் பெயர் கிடைத்தது: 'தடக் குறியீட்டு அலுவலர்'. பெயர்ப்பலகையை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவி சண்முகவள்ளியிடம் காட்டினார்.

"மலைச் சைக்கிளா? மலை எங்கன இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்றார் வேல்சாமி. கேலியாகச் சொல்லவில்லை, அன்று காலைக் கூட்டத்தில் அப்படித்தான் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

இராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் என்று பெயரளவில் ஒரு பர்வதம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மணல்மேடு. போதாக்குறைக்குப் பக்தர்கள் படியேறிப் போகிற புண்ணிய இடம். அங்கே சைக்கிள் விட்டால் பாவம் சேருமா, வழக்கு சேருமா என்று இரண்டு கூட்டங்களில் ஆராய்ந்து, இரண்டும் சேரும் என்று கண்டு கைவிட்டார்கள். மலை 'கருத்தளவில்' இருந்தால் போதும் என்று முடிவாயிற்று.

கையேட்டின்படி தடங்களுக்கு நான்கு நிறம். பச்சை என்றால் எளிது, நீலம் என்றால் நடுத்தரம், சிவப்பு என்றால் கடினம், கறுப்பு என்றால் மிகமிகக் கடினம். பாதை பிரியும் இடந்தோறும் அந்த நிறத்தில் அம்புக்குறி நட வேண்டும். வீரர் அம்பை மட்டுமே நம்ப வேண்டும். ஊர்க்காரர் யாரிடமும் வழி கேட்கக் கூடாது. அம்பு தென்படாவிட்டால் கடைசியாகப் பார்த்த அம்புக்குத் திரும்பிப்போய் அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இந்த விதிகளைப் படித்த வேல்சாமிக்கு மெய்சிலிர்த்தது. தன் அலுவலகமும் இத்தனை காலம் இப்படித்தான் நடந்துவந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

பச்சையும் நீலமும் சுலபமாகக் கிடைத்தன. சவுக்குத் தோப்பு ஒன்றில் சிவப்பும் அகப்பட்டது. கறுப்புதான் அகப்படவில்லை. கறுப்பு இல்லாமல் நிதி இல்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஒரு மாவட்டத்தில் போதிய சிரமம் கிடைக்காமல் ஓர் அதிகாரி அலைந்தது அதுவே முதல்தடவையாக இருக்கும். ஒரு கூட்டத்தில் சேதுராமன் மேசையைத் தட்டி, "வேல்சாமி, உங்க வேலையில சிரமம் பத்தாது" என்றார். வேல்சாமி தலைகுனிந்தார்.

கடைசியில் கறுப்பு கிடைத்தது. பாம்பன் பக்கம் அக்காள்மடத்தில் பெரிய ரோட்டைவிட்டு இறங்கிக் கடற்கரைப் பக்கம் போனால் சூசையப்பர்பாடு என்று ஒரு மீனவக் குடியிருப்பு இருக்கிறது. ரோட்டிலிருந்து அங்கே போகும் வழியில் முதலில் ஓர் ஓடை. அதன்மேல் குறுக்கே கிடப்பது ஒரு பனைமரத் தண்டு. அப்புறம் முழங்கால்வரை உள்வாங்கும் உப்புச் சேறு. அப்புறம் சீமைக்கருவேலங்காடு. அதையும் கடந்தால் ஏற ஏறச் சரியும் மணல்மேடு. வேல்சாமி புது மலைச் சைக்கிளில் அந்த வழியே போனார். ஓடையில் விழுந்தார், சேற்றில் விழுந்தார், மணலில் உருண்டார், இரண்டு டயரிலும் முள் ஏறியது. சட்டை கிழிந்து, முழங்கை சிராய்ந்து, முகமெல்லாம் மகிழ்ச்சியாக ஊருக்குள் போய்ச் சேர்ந்தார்.

வழியில் எதிரே வந்த பெண்கள் தலையில் மீன்கூடையோடு பனந்தண்டின்மேல் நடந்து ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதை அவர் பார்க்கத்தான் செய்தார். ஆனால் அவர்களிடம் சைக்கிள் இல்லாததால் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வார்டு மெம்பர் ஜோதிமேரி அவருக்குக் காயத்தைக் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். நடுவயதுப் பெண். மகன் பெஞ்சமின் கடலுக்குப் போகிறவன். மருமகள் ஞானசெல்வி முழுகாமல் இருந்தாள், ஐப்பசியில் பேறுகாலம். ஐப்பசி என்றால் மழை; மழை என்றால் அந்த வழி இன்னும் மோசம். ஊருக்கு ரோடு கேட்டு ஜோதிமேரி பல வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். 'பாதை நல்ல நிலையில் உள்ளது. புதிய சாலை தேவையில்லை' என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வந்துகொண்டிருந்தது. இப்போது அரசாங்கத்து ஆள் ஒருவர் தாமாகவே அந்த வழியில் வந்து, ஆங்காங்கே நின்று குறிப்பெடுத்ததும், அவளுக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது.

"ரோடு வருதா சார்?" என்று கேட்டாள்.

வேல்சாமிக்கு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. ஏதோ நல்லது வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தது. பனந்தண்டுக்குப் பக்கத்தில் கறுப்புப் பலகை ஒன்று வந்தது. 'மிகமிகக் கடினம். பயிற்சி பெற்ற வீரர்கள் மட்டும். தலைக்கவசம் கட்டாயம். தனியே செல்ல வேண்டாம். உயிருக்கு உத்தரவாதம் இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. எழுத்தெல்லாம் வேல்சாமியின் கைவண்ணம். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஜோதிமேரி அதை மற்றப் பெண்களுக்கு உரக்கப் படித்துக்காட்டினாள். இத்தனை வருடம் பயிற்சி இல்லாமலே போய்வந்திருக்கிறோமே என்று அவர்கள் மிகவும் வருத்தப்பட்டார்கள்.

அடுத்த குழுக்கூட்டத்துக்கு ஜோதிமேரி நேரே வந்துவிட்டாள். எங்கள் பாதை உயிருக்கே ஆபத்து என்று இப்போது நீங்களே எழுதி நட்டுவிட்டீர்கள், இனியாவது ரோடு போடலாமே என்பது அவள் வாதம். சேதுராமன் பொறுமையாகக் கேட்டார். பிறகு மிகுந்த கனிவோடு விளக்கினார். மாவட்டத்தில் இருக்கிற ஒரே கறுப்புத் தடம் அதுதான். அங்கே தார் போட்டால் கறுப்பாக இருக்குமே தவிர, 'கறுப்பாக' இருக்காது. தரம் கெட்டுவிடும். இவ்வளவு அருமையான சிரமத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கெடாமல் காத்துவந்த சூசையப்பர்பாட்டு மக்களுக்கு நன்றி தெரிவித்துக் குழு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

ஜோதிமேரி எழுந்துகொண்டாள். வெளியே வந்தபோது வேல்சாமியைப் பார்த்து, "நல்லது வரும்னு சொன்னீக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று இரவு சோறு வேண்டாம் என்று சண்முகவள்ளியிடம் சொல்லிவிட்டார் அவர்.

தொடக்கவிழாப் போட்டியை ஐப்பசியில் வைத்தார்கள். நல்ல மழை பெய்து சேறு பக்குவமாக இருக்க வேண்டும் என்று சேதுராமன் விரும்பினார். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வீரர்கள் வந்தார்கள். சூசையப்பர்பாட்டில் புறப்பட்டு, கறுப்புத் தடத்தில் வந்து, அக்காள்மடத்து ரோட்டோரம் கட்டிய ரிப்பனை அறுக்க வேண்டும். கையேட்டில் சொன்னபடி, முடிவிடத்தில் ஒரு தனியார் ஆம்புலன்சையும் நிறுத்தியிருந்தார்கள். ஓட்டுநர் பெரியபட்டினத்து சதக். அந்த ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது அதுவே முதல்முறை.

கொடியசைத்ததும் வீரர்கள் பாய்ந்தார்கள். முந்தின நாள் காற்றில் மணலில் நட்ட அம்புகள் பாதி சாய்ந்தும் பாதி திரும்பியும் இருந்தன. வீரர்கள் விதி தவறாதவர்கள். அம்பு காட்டிய திசையில் கருவேலங்காட்டுக்குள் போனார்கள், அடுத்த அம்பு தென்படாததால் பழைய அம்புக்குத் திரும்பினார்கள், மறுபடியும் போனார்கள். யாரிடமும் வழி கேட்கவில்லை. டயரெல்லாம் முள். முடிவிடத்தில் மேளக்காரர்கள் வாசித்து ஓய்ந்துபோனார்கள். சேதுராமன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். சிரமம் எதிர்பார்த்ததற்கு மேலேயே இருக்கிறது என்றார்.

அப்போது சேற்றுக்கு அப்பால் ஆட்கள் வருவது தெரிந்தது. மேளத்தை அடிக்கச் சொல்லிவிட்டு சேதுராமன் கைதட்டத் தயாரானார். வந்தது சைக்கிள் இல்லை. கயிற்றுக் கட்டில். நான்கு பெண்கள் தோளில் சுமந்து வந்தார்கள், முன்னால் ஜோதிமேரி. கட்டிலில் ஞானசெல்வி. காலையிலேயே வலி கண்டுவிட்டது. பெஞ்சமின் கடலில் இருந்தான். இடுப்புவரை சேறாக வந்தவர்கள் பனந்தண்டின்மேல் ஒருவர்பின் ஒருவராக ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்தார்கள். மேளம் தானாக நின்றது. வேல்சாமி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்டின்மேல் தாம் விழுந்த இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்தைக் கட்டில் நெருங்கியபோது அவர் ஓடைக்கரைக்கே இறங்கிப்போய் நின்றார். அவர்கள் கரையேறி, நேரே ரிப்பனை அறுத்துக்கொண்டு வந்து ஆம்புலன்ஸ் அருகே கட்டிலை இறக்கினார்கள்.

சேதுராமன் குறுக்கே வந்தார். ஆம்புலன்ஸ் போட்டியாளர்களுக்காக அமர்த்தியது, போட்டி எண் அணிந்தவர்களை மட்டுமே ஏற்றலாம், வீரர் யாராவது விழுந்து கிடந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். சதக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தவித்தான். "நான் இப்பவே ஏத்திக்கிருவேன் பாய்... சார், நம்பர் இல்லாம ஏத்துனா என் வேலை போயிரும்" என்றான், பதற்றத்தில் யாரை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல்.

ஞானசெல்வி கட்டிலின் கயிற்றைப் பற்றிக்கொண்டு முனகினாள். வேல்சாமி ஒரு நிமிடம் சேதுராமனைப் பார்த்தார். பிறகு மேசையில் மிச்சமிருந்த எண் துணிகளில் ஒன்றை எடுத்துவந்து, ஊக்கைத் திறந்து, அந்தப் பெண்ணின் முந்தானையில் குத்தினார்.

"போட்டியாளர்தான் சார். முதல்ல வந்திருக்காங்க" என்றார்.

அவர் வாழ்நாளில் மேலதிகாரி ஒருவரிடம் எதிர்த்துச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். சேதுராமன் வாயைத் திறந்தார். விதிப்படி அதில் குற்றம் ஏதும் இல்லாததால் மூடிக்கொண்டார். சதக் வண்டியை எடுத்தான். பாம்பன் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போதே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். கடலுக்கே பாலம் போட்டிருக்கிற நாட்டில், ஓர் ஓடைக்கு அந்தப் பக்கம் பிறக்காமல் தப்பித்தது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம்.

வீரர்கள் மாலையில் ஒவ்வொருவராகச் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

செய்தி பரவியதும், இனி ரோடு வந்துவிடும் என்றே வேல்சாமி நினைத்தார். தன்மேல் நடவடிக்கை வந்தாலும் பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு சீராய்வுக் கூட்டத்துக்குப் போனார். நடவடிக்கை வரவில்லை, பாராட்டு வந்தது. சேதுராமன் அந்தச் சம்பவத்தை அறிவியல் கண்கொண்டு அலசியிருந்தார். பயிற்சி பெற்ற வீரர்கள் திணறிய தடத்தை, பயிற்சி இல்லாத பெண்கள் நால்வர், தலைக்கவசம்கூட இல்லாமல், நிறைமாதக் கர்ப்பிணியைச் சுமந்துகொண்டு, முதலாவதாகக் கடந்திருக்கிறார்கள். ஆகவே வீரர்கள் திணறியது பழக்கக் குறைவால். பாதையின் குறையால் இல்லை. கறுப்பு என்று வகைப்படுத்தியது பிழை. அது பச்சை. 'மிக எளிது. பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உகந்தது. மேம்பாடு எதுவும் தேவையில்லை.' தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குறியை மாற்றும் பொறுப்பு, பதவிப் பெயரின்படி, வேல்சாமிக்கு வந்தது.

அவர் பச்சை டப்பாவும் தூரிகையுமாகப் பனந்தண்டுப் பக்கம் போய், பலகையின்முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ரோட்டிலிருந்து காலிக் கூடையோடு ஜோதிமேரி வந்தாள். பேத்தி நன்றாக இருக்கிறாள் என்று அவர் கேட்காமலே சொன்னாள். அப்புறம் டப்பாவைப் பார்த்து, என்ன சங்கதி என்றாள். வேல்சாமி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபப்படவில்லை. கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"கறுப்பா இருந்தப்ப, ரோடு போட்டா கெட்டுப்போகும்னீக. இப்பப் பச்சைங்கிறீக, ரோடே வேணாங்கிறீக. ரோடு போடுறதுக்குன்னு எந்தக் கலரு சார்? சொல்லுங்க, நாங்களே அடிச்சுக்கிருதோம்."

வேல்சாமி தலையைக் குனிந்துகொண்டே, அப்படி ஒரு நிறம் எங்களிடம் இல்லை என்றார். குழு அந்த ஊரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.